தாத்தா வாய்விட்டுச் சொன்ன மோகனம்

குழு: மேல்வீடு, நாயுடுபுரம், கொடைக்கானல்
ஞாயிற்றுக்கிழமை

காலை 6:41
மாலா: எல்லோரும் ஊர் போய்ச் சேர்ந்தாச்சா? சரோஜா அக்கா, உங்கள் சால்வை சோபாவிலேயே கிடக்கிறது. பெரிய சம்புடத்தின் மூடியைக் காணோம்.

6:43
சரோஜா: பத்லகுண்டு தாண்டிவிட்டோம். மூடி செல்வியிடம் இருக்கும்.

6:43
செல்வி: என்னிடம் ஏன் இருக்கப்போகிறது?

6:50
பாண்டி: ஒரு விஷயம். நாதஸ்வரக்காரருக்கு இன்று 11 மணிக்குள் பதில் சொல்ல வேண்டும். மாமாவின் எண்பதாம் கல்யாணத்துக்குக் காலை முகூர்த்தம் மட்டுமா, சாயங்கால வரவேற்புக்கும் அவரேயா? சாயங்காலம் கயல் குழு வாசிக்கட்டும் என்று நேற்று யாரோ சொன்னீர்கள். முடிவு வேண்டும்.

6:52
சேகர்: நான்தான் சொன்னேன்.

6:52
செல்வி: அது இருக்கட்டும். நேற்று அப்பாவைப் பார்த்து உஷ் என்ற ஆள் யார்?

6:53
கார்த்தி: என்ன ஆச்சு? நான் வராத நிகழ்ச்சியில்தான் எல்லாம் நடக்குமா?

6:53
மாலா: ஒன்றும் இல்லை கார்த்தி.

6:53
செல்வி: ஒன்றும் இல்லையாம்!

7:08
ராஜு: கார்த்தி, நான் முறையாகச் சொல்கிறேன். பஸ்ஸில் இருக்கிறேன், எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள். நேற்று மாலை கயலும் அவளோடு படிக்கும் மூன்று பேரும் வாசித்தார்கள். இரண்டு வயலின், ஒரு வயோலா (வயலினை விடக் கொஞ்சம் பெரியது), ஒரு செல்லோ (உட்கார்ந்து வாசிக்கிற பெரிய வாத்தியம்). கயலுடையது வயோலா. முதலில் ஆஸ்திரிய இசையமைப்பாளர் ஹைடன் 1797-ல் எழுதியது. அதன் பிறகு துவோர்ஷாக் 1893-ல் எழுதிய ‘அமெரிக்கன்’. துவோர்ஷாக் செக் நாட்டவர். நியூயார்க்கில் வேலை பார்த்தவர், கோடை விடுமுறைக்கு அயோவாவில் ஸ்பில்வில் என்ற சின்ன ஊருக்குப் போனார். அங்கே அவருடைய நாட்டிலிருந்து குடியேறியவர்கள் இருந்தார்கள். சொந்த பாஷையைக் கேட்ட சந்தோஷத்தில் சுமார் இரண்டு வாரத்தில் எழுதி முடித்துவிட்டார். (தொடரும்)

7:08
கார்த்தி: அப்பா, உஷ் எங்கே வருகிறது?

7:09
சரோஜா: பக்கத்து சீட்டில் உட்கார்ந்து நானும் அதையேதான் கேட்கிறேன்.

7:15
ராஜு: வருகிறேன். துவோர்ஷாக்கின் அந்தப் படைப்பு தொடங்குவதே வயோலாவில்தான். அவரே வயோலா வாசித்தவர், அதனால் இருக்கலாம். வயலின்கள் மெதுவாக முணுமுணுக்கின்றன, செல்லோ சுருதிப்பெட்டி மாதிரி ஒரே ஸ்வரத்தில் நிற்கிறது, அப்போது நம் பிள்ளை உள்ளே வருகிறாள். ஒரு வரிதான் வாசித்திருப்பாள். அப்பா மங்கி குல்லாவைக் காதுக்கு மேலே தூக்கிவிட்டு, என் முழங்காலில் ஓங்கி ஒரு அடி அடித்து, “மோகனம்டா!” என்று ராகத்தின் பேரைச் சொன்னார். ஹால் முழுக்கக் கேட்டது. முன்வரிசையில் இருந்த ஒருவர் திரும்பி உஷ் என்றார்.

7:16
கார்த்தி: 😂😂

7:16
செல்வி: சிரிக்காதே. எண்பது வயது மனிதரை.

7:17
பாண்டி: எனக்கும் விழுந்தது. ஹைடனில் முதல் பகுதி முடிந்ததும் கை தட்டினேன். நாயுடுபுரத்து ஆட்கள் பத்துப் பேரும் தட்டினார்கள். அதே ஆள் திரும்பிப் பார்த்தார். நடுவில் தட்டக் கூடாதாம்.

7:17
செல்வி: அப்போதே நீங்கள் நாலு வார்த்தை கேட்டிருக்க வேண்டும்.

7:18
பாண்டி: பாட்டு நடந்துகொண்டிருந்தது செல்வி.

7:26
ராஜு: மாப்பிள்ளை, நீங்கள் வெட்கப்பட ஒன்றும் இல்லை. மொஸார்ட் 1778-ல் பாரிஸிலிருந்து அவர் அப்பாவுக்கு எழுதிய கடிதம் இருக்கிறது. தன் சிம்பொனியில் ஓரிடத்தில் ஜனங்கள் கை தட்டுவார்கள் என்று தெரிந்தேதான் அந்த இடத்தை வைத்தாராம். அதேபோல் சிம்பொனியின் முதல் பகுதி முடிவதற்கு முன்பே தட்டினார்களாம். அவருக்கு ஒரே சந்தோஷம். முடிந்ததும் போய் ஐஸ் சாப்பிட்டுவிட்டு, நேர்ந்துகொண்டபடி ஜெபமாலை சொன்னாராம். மூச்சுக்கூட விடாமல் உட்காருவது பிற்பாடு வந்த பழக்கம். நம் கச்சேரியில் தொடையில் தாளம் போடுகிறோம், சபாஷ் சொல்கிறோம், மிருதங்கத் தனி ஆவர்த்தனத்தில் எழுந்து காபி குடிக்கப் போகிறோம். எது மரியாதை என்பது...

7:26
கார்த்தி: அப்பா, இது பரீட்சையில் வருமா?

7:30
சரோஜா: அது போகட்டும். முதல் வயலின் வாசித்த பையனுக்குச் சளியா? ஒவ்வொரு தடவை ஆரம்பிக்கும்போதும் மூக்கை உறிஞ்சினான். மாலா, இன்று உன் வீட்டுக்கு வந்தால் சுக்குக் காபி போட்டுக் கொடு.

7:31
கயல்: பெரியம்மா!!

7:31
கயல்: அது சளி இல்லை

7:32
கயல்: எங்களுக்கு முன்னால் நின்று கையசைத்து நடத்துகிற கண்டக்டர் கிடையாது. அவன் மூச்சு இழுக்கிற வேகம்தான் பாட்டின் வேகம். அதைக் கேட்டுத்தான் நாலு பேரும் ஒன்றாக எடுக்கிறோம்.

7:33
சரோஜா: அப்படியா. இருந்தாலும் சுக்குக் காபி கொடு.

7:34
கார்த்தி: கயல், எழுந்துவிட்டாயா? எப்படி வாசித்தீர்கள்?

7:36
கயல்: பரவாயில்லை. ஈரத்துக்குப் பிருடை (கம்பியை முறுக்குகிற ஆணி) நிற்கவில்லை. இரண்டு தடவை நிறுத்திச் சுருதி சேர்த்தோம். ஹைடன் இரண்டாம் பகுதி மழையில் போய்விட்டது.

7:38
சேகர்: கார்த்தி, அதைப் பார்த்திருக்க வேண்டும். தகரக் கூரை. அந்த மெதுவான பாட்டு ஆரம்பித்ததும் கொட்டு கொட்டென்று கொட்டியது. வில் போகிறது, வருகிறது, ஒரு சத்தமும் கேட்கவில்லை. டிவியில் ஒலியை அணைத்துவிட்டுப் பார்க்கிற மாதிரி. பிள்ளைகள் நிறுத்தவில்லை.

7:39
கயல்: ஒரே மெட்டு நாலு பேருக்கும் மாறி மாறி வரும். முதல் வயலின், இரண்டாவது வயலின், செல்லோ, அப்புறம் நான். செல்லோ முறை முழுக்க மழை. அவன் பாவம். என் முறை வந்தபோது நின்றுவிட்டது.

7:40
சேகர்: மழை நின்றதும் முதலில் காதில் விழுந்தது இவள் வாசித்தது. மாலா அழுதாள்.

7:40
மாலா: கண்ணில் தூசி.

7:40
பாண்டி: மழையில் என்ன தூசி 😄

7:41
கார்த்தி: அந்த மெட்டுத்தானே ஜெர்மனி ஆடும்போது போடுவது? கால்பந்து உலகக் கோப்பையில் கேட்டிருக்கிறேன்.

7:42
ராஜு: சரியாகப் பிடித்தாய். ஹைடன் ஆஸ்திரியச் சக்கரவர்த்திக்காகப் போட்ட மெட்டு. இன்று ஜெர்மனியின் தேசிய கீதம் அதில்தான். நம் பக்கத்திலும் இப்படி ஒன்று உண்டு. வெள்ளைக்காரனின் ‘ராஜாவைக் கடவுள் காக்கட்டும்’ மெட்டுக்கு முத்துசுவாமி தீட்சிதர் சமஸ்கிருதத்தில் சாகித்தியம் செய்திருக்கிறார். அவர் தம்பி பாலுசுவாமி தீட்சிதர்தான் வயலினை நம் சங்கீதத்துக்குக் கொண்டுவந்தவர். தஞ்சை நால்வரில் வடிவேலுவுக்கு...

7:42
சரோஜா: பஸ் திண்டுக்கல் வந்தாச்சு, இறங்குங்கள்.

8:15
சேகர்: யாரும் மேல்வீட்டுப் பக்கம் வர வேண்டாம். கேட்டுக்கு முன்னால் காட்டுமாடு நிற்கிறது.

8:15
செல்வி: எத்தனை?

8:16
சேகர்: மூன்று. ஒன்று கன்று. பீன்ஸ் பாத்தியைப் பார்க்கிறது.

8:16
மாலா: நான் பின்பக்கம் மாட்டிக்கொண்டேன். பால் வாங்கப் போகவில்லை.

8:17
பாண்டி: பட்டாசு எதுவும் வெடிக்காதீர்கள். கன்றோடு இருந்தால் நம் மேல் திரும்பும். தானாகப் போய்விடும்.

8:20
பாண்டி: நாதஸ்வரம்?

9:02
செல்வி: கயல், தாத்தா சொன்னது சரியா? மோகனமா?

9:04
கயல்: சரி அத்தை. ஸ ரி க ப த, அஞ்சே ஸ்வரம். ஸ நிற்பது நாலு கட்டைச் சுருதியில். துவோர்ஷாக்குக்கு மோகனம் தெரியாது, ஆனால் ஸ்வரம் அதேதான். ஆறு மாதமாக வாசிக்கிறேன், எனக்குத் தோன்றவே இல்லை. தாத்தாவுக்கு எப்படித் தெரிந்தது?

9:06
செல்வி: ஏன் தெரியாது? பழனியில் உற்சவம் என்றால் நாதஸ்வரம் கேட்கவே இறங்கிப் போவார். ராத்திரி முழுக்கக் கேட்டுவிட்டுக் காலை பஸ்ஸில் வருவார். நான் வீணை கற்றுக்கொள்கிறேன் என்றபோதுதான் மலை இறங்கிப் போவது கஷ்டம் என்று தோன்றியது.

9:07
ராஜு: அப்போது பஸ் வசதி இல்லை செல்வி.

9:07
செல்வி: உன் டியூஷனுக்கு இருந்தது அண்ணா.

9:19
மாலா: மதினி, காபி குடித்தாச்சா?

9:31
பாண்டி: வரவேற்புக்கு வருவோம். நான் நடைமுறையாகக் கேட்கிறேன். நாலு கம்பி வாத்தியம் கல்யாண மண்டபத்தில் கேட்குமா? நம் கூட்டத்தில் பத்து நிமிடம் யாராவது வாயை மூடி இருந்ததுண்டா? மைக் வைத்தால் கீச்சென்று கத்தும். கீழே இருந்து வருகிற வண்டிகளுக்கு வேறு இ-பாஸ் போட வேண்டும், பாதிப் பேர் வருவதற்கே இருட்டிவிடும்.

9:33
சரோஜா: பிள்ளைகள் ஒரு சினிமாப் பாட்டு வாசித்தால் எல்லோரும் கேட்பார்கள்.

9:33
கயல்: 😐

9:34
கயல்: சாப்பாட்டுப் பந்தி நடக்கும்போது வாசிக்க மாட்டோம். அது மட்டும்.

9:35
சேகர்: யாரும் பந்தியில் வாசிக்கச் சொல்லவில்லை.

9:35
கயல்: போன தடவை சொன்னீர்கள் அப்பா

9:36
கார்த்தி: ‘அமெரிக்கன்’ முழுதும் எவ்வளவு நேரம்?

9:36
கயல்: 25 நிமிடம்

9:37
பாண்டி: முருகா.

9:38
ராஜு: முதல் பகுதி மட்டும் போதும். நான் முன்னால் ஐந்து நிமிடம் விளக்கம் சொல்லிவிடுகிறேன்.

9:38
சரோஜா: அந்த ஐந்து நிமிடம்தான் பயமாக இருக்கிறது.

10:05
சேகர்: மாடு போய்விட்டது. பீன்ஸும் போய்விட்டது.

10:12
கார்த்தி: கல்யாணம் யாருக்கு? தாத்தாவைக் கேட்டீர்களா?

10:12
செல்வி: 👆

10:13
மாலா: இருங்கள், வெளியே வெயிலில் உட்கார்ந்திருக்கிறார். கேட்டு வருகிறேன்.

10:29
மாலா: கேட்டேன். நாதஸ்வரம் இல்லாமல் தாலியைத் தொட மாட்டாராம். சாயங்காலம் என்ன செய்வது என்று கேட்டதற்குப் பதிலே சொல்லவில்லை. அவர் ஒரு கேள்வி கேட்கிறார். மோகனத்தில் நன்றாகப் போய்க்கொண்டிருந்ததை ஏன் பாதியில் விட்டுவிட்டு எங்கேயோ போனார்கள் என்று கயலிடம் கேட்கச் சொன்னார்.

10:31
கயல்: அந்த இசை அப்படித்தான் தாத்தாவிடம் சொல்லுங்கள். ஒரே இடத்தில் நிற்காது. சுருதி மாறும், வேறு ஸ்வரம் வரும், சுற்றிவிட்டுப் பழைய இடத்துக்கே திரும்பும். திரும்பும்போதும் நான்தான் எடுப்பேன்.

10:38
மாலா: சொன்னேன். திரும்பி வந்ததைக் கேட்டேன் என்கிறார். அப்போதும் வாய் வரைக்கும் வந்ததாம். திரும்பவும் உஷ் என்பார்களே என்று விட்டுவிட்டாராம்.

10:39
கயல்: அய்யோ

10:39
சேகர்: 😔

10:40
செல்வி: அந்த ஆள் யாரென்று மட்டும் எனக்குத் தெரியட்டும்.

10:44
கயல்: அம்மா, நாங்கள் வீட்டில் வாசிக்கிறோம். ஹால் வேண்டாம், மண்டபம் வேண்டாம். முன் ரூமில் நாலு நாற்காலி போட்டால் போதும். முதலில் அதற்குத்தான் எழுதினார்கள், வீட்டு அறையில் பத்து இருபது பேர் கேட்கிற மாதிரி. தாத்தா என்ன வேண்டுமானாலும் சத்தம் போடட்டும்.

10:45
ராஜு: மிகச் சரி. இந்த வகை இசையே...

10:45
கார்த்தி: அப்பா.

10:46
பாண்டி: வீட்டில் என்றால் கல்யாணத்தன்று சாயங்காலமா? மறுநாளா? வரவேற்பு வேண்டாமா? மணி 10:46.

10:47
சேகர்: மறுநாள் என்றால் கேட்டரிங் மறுபடியும் சொல்ல வேண்டும்.

10:47
செல்வி: கல்யாணத்தன்றே வையுங்கள். மறுநாள் எனக்கு லீவு கிடைக்காது.

10:48
சரோஜா: முன் ரூமில் இருபது பேர் கொள்ளாது. போன பொங்கலுக்கே சோபாவைத் தூக்கி வெளியே போட்டோம்.

10:48
மாலா: பாட்டி நேற்று துவோர்ஷாக் முழுக்கத் தூங்கினார். வீட்டில் என்றால் படுத்துக்கொண்டே கேட்கிறாராம்.

10:58
பாண்டி: காலைக்கு மட்டும் சொல்லி அட்வான்ஸ் அனுப்பிவிட்டேன். சாயங்காலத்துக்குப் புதன்கிழமை சொல்கிறேன் என்றேன். வேறு கல்யாணம் வந்தால் ஒத்துக்கொள்வேன் என்கிறார் அவர்.

10:58
சேகர்: எவ்வளவு அட்வான்ஸ்?

10:59
பாண்டி: அப்புறம் பேசலாம்.

11:20
சரோஜா: மூடி என் பையில்தான் இருந்தது.

11:21
செல்வி: 👍

11:34
மாலா: தாத்தா கேட்கிறார், அந்த மூன்று பிள்ளைகளும் என்ன சாப்பிடுவார்கள் என்று.

11:36
கயல்: எல்லாம். செல்லோ வாசிக்கிறவன் மட்டும் பூண்டு தொட மாட்டான்.

11:36
சரோஜா: பூம்பாறைப் பூண்டு கூடவா?

11:37
ராஜு: நம் மலைப்பூண்டின் காரமும் மணமும் வேறு. 2019-ல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தப் பையனுக்குக் காரணம் தெரிந்திருக்காது. குளிர் மலை, மண்ணின்

11:37
கார்த்தி: ஆரம்பித்துவிட்டார்.