ஹரி பொட்டரில் லூசியஸ் மல்போய் எசமானின் மதிப்பில் விழுந்தது எதனால்? கொஞ்சம் உதவுங்கள்

அண்ணன்மார், அக்காமாருக்கு வணக்கம். கல்லடியில் எங்கள் வீட்டு விறாந்தையில் ஞாயிறு பின்னேரங்களில் ஏழெட்டுப் பிள்ளைகளுடன் கூடி வாசிக்கிறோம். இப்போது 2007இல் வந்த ஹரி பொட்டர் ஏழாம் பாகம். முதல் அத்தியாயத்திலேயே வாக்குவாதம் வந்துவிட்டது.

மல்போய் வீட்டில், நீண்ட மேசையைச் சுற்றி அடியாட்கள் எல்லோரும் இருக்கும்போது, அவர்களின் எசமானான கொடிய மந்திரவாதி வோல்டமோர்ட், அடியாட்களில் ஒருவனான லூசியஸின் மந்திரக்கோலைக் கேட்டு வாங்குகிறான். பதிலுக்கு வோல்டமோர்ட்டின் கோல் கிடைக்கும் என்பதுபோல லூசியஸின் கை லேசாக அசைகிறது. அந்தச் சின்ன அசைவையும் கவனித்து, எல்லோர் முன்னும் சொல்லிக்காட்டுகிறான். சொந்த வீட்டிலேயே! வாசித்தபோது எனக்கே நெஞ்சு கனத்தது.

ஏன் இவ்வளவு வெறுப்பு? ஐந்தாம் பாகத்தில் எசமான் எடுத்துவரச் சொன்ன தீர்க்கதரிசன உருண்டையைக் கோட்டைவிட்டு சிறைக்குப் போனதுதான் காரணம் என்கிறார்கள் பிள்ளைகள். எனக்கென்றால் இரண்டாம் பாகத்தில் வரும் வோல்டமோர்ட்டின் பழைய டயறிதான். பத்திரமாக வைத்திருக்கக் கொடுத்ததை, உள்ளே எசமானின் உயிர்த்துண்டு இருப்பது தெரியாமல், சொந்தப் பகைக்கு எடுத்துப் பாவித்து அழியவிட்டானே. தோற்றுப்போவது வேறு, நம்பி ஒப்படைத்ததில் கைவைப்பது வேறு.

சரி, அது என்னவென்று எசமான் சொல்லவே இல்லையே என்று ஒரு பிள்ளை கேட்டாள். என்னிடம் பதில் இல்லை. ஆறாம் பாகத்தில் தண்டனை மகன் டிராக்கோவின் தலையில் விழுவதையும் அவள் விடவில்லை.

இரண்டில் எது பெரிய காரணம்? இராவணன் சபையில் விபீடணன் விலக்கப்பட்டதோடு இதை ஒப்பிடலாமா? அவன் புத்தி சொன்னதற்காகத் துரத்தப்பட்டவன், இவன் பிழைவிட்டவன். வாசித்தவர்கள் அத்தியாயத்தையும் குறிப்பிட்டு எழுதுங்கள். வரும் ஞாயிறுக்கு முன் கிடைத்தால் பெரிய உதவி.