உக்ரைனின் முதல் தங்கம் பயுலுடையதா, பெட்ரென்கோவுடையதா?

ஒடெசா_மருத்துவர் (காலை 7:40)

நேற்றைய குளிர்கால ஒலிம்பிக் வினாடி வினாவில் நெய்தல்நிலா இப்படி ஒரு விடை தந்திருந்தார்: "சுதந்திர உக்ரைனின் முதல் ஒலிம்பிக் தங்கம், 1994 லில்லிஹாம்மரில் பெண்கள் ஃபிகர் ஸ்கேட்டிங்கில் (பனித்தளத்தில் இசைக்கு ஆடும் போட்டி) ஒக்சானா பயுல் வென்றது." நாற்பது பேர் அதற்கு விருப்பம் போட்டிருக்கிறார்கள். ஒருவருக்குக்கூட விக்டர் பெட்ரென்கோ ஞாபகத்துக்கு வரவில்லை. எனக்கு ராத்திரி தூக்கம் பிடிக்கவில்லை. அதனால்தான் இந்தத் தனித் திரி.

உக்ரைன் சுதந்திரம் அறிவித்தது 1991 ஆகஸ்ட் 24. டிசம்பர் 1 அன்று நடந்த பொது வாக்கெடுப்பில் 90 சதவீதத்துக்கு மேல் ஆதரவு. அந்த மாதக் கடைசியில் சோவியத் யூனியனே இல்லாமல் போனது. 1992 பிப்ரவரியில் ஆல்பெர்ட்வில் குளிர்கால ஒலிம்பிக்கில் பெட்ரென்கோ ஆண்கள் ஃபிகர் ஸ்கேட்டிங் தங்கத்தை வாங்கினார். நாடு சுதந்திர நாடு, ஆள் உக்ரைன்காரர், ஒடெசாவில் பிறந்து ஒடெசாவிலேயே பழகியவர். அப்புறம் என்ன கேள்வி? நான் அந்த ஊரில் ஆறு வருடம் மருத்துவம் படித்தவன். தெரியாமல் எழுதவில்லை.

நெய்தல்நிலா (காலை 8:15)

டாக்டர் சார், பெட்ரென்கோ மேடையில் நின்றபோது ஏறிய கொடி எது? ஐந்து வளையக் கொடி. ஒலித்த பாட்டு? ஒலிம்பிக் கீதம். அவர் ஆடியது 'ஒருங்கிணைந்த அணி'க்காக. ரஷ்யா, உக்ரைன், பெலாரஸ், கஜகஸ்தான், உஸ்பெகிஸ்தான் என ஐந்து நாடுகள் சேர்ந்து அனுப்பிய ஒரே அணி அது. அந்த அணி மொத்தம் 9 தங்கம் வாங்கியது, அதில் ஒன்று பெட்ரென்கோவுடையது. சர்வதேச ஒலிம்பிக் கமிட்டியின் பதிவில் இன்றைக்கும் அப்படித்தான் இருக்கிறது.

நான் எழுதியது சரி. திருத்த மாட்டேன்.

ஒடெசா_மருத்துவர் (காலை 8:22)

கொடியா பனியில் சறுக்கியது? ஆள் சறுக்கினார். அந்த ஆள் உக்ரைன்காரர்.

கரிசல்_கதிர் (காலை 8:50)

டாக்டர் அண்ணே, போன மாதம் 1928 ஆம்ஸ்டர்டாம் ஹாக்கி பற்றிய திரியில் நீங்கள் எழுதியதை நான் மறக்கவில்லை. "பிரிட்டிஷ் ஆட்சியில் வாங்கியதை நம் தங்கம் என்று சொல்லாதீர்கள், இந்தியாவின் உண்மையான முதல் தங்கம் 1948 லண்டன்தான்" என்று என்னை அத்தனை பேர் முன்னால் கிழித்தீர்கள். அன்றைக்கு தியான் சந்த் ஆடினார், ஆள் இந்தியர். அங்கே ஆள் போதவில்லை, இங்கே மட்டும் ஆள் போதுமா?

ஒடெசா_மருத்துவர் (காலை 9:05)

கதிர், அந்தக் கோபத்தை இங்கே கொண்டு வராதீர்கள். 1928-இல் நாடு அடிமை. 1992-இல் உக்ரைன் அடிமை இல்லை. 1991 ஆகஸ்ட் 24. இந்தத் தேதியை எத்தனை தடவை எழுதுவது?

இதையும் படியுங்கள். தேசிய கீதத்தின் இசையை உக்ரைன் நாடாளுமன்றம் 1992 ஜனவரியில் ஏற்றுக்கொண்டது. நீல மஞ்சள் கொடிக்கு ஒப்புதல் தந்தது ஜனவரி 28. ஆல்பெர்ட்வில் தொடங்கியது பிப்ரவரி 8. கொடியும் இருந்தது, பாட்டும் இருந்தது, நாடும் இருந்தது. ஏற்றவில்லை என்றால் அது ஏற்றாதவர்கள் தப்பு. ஒரு பிள்ளையின் பெயரைப் பதிவேட்டில் தப்பாக எழுதிவிட்டால் அது வேறு வீட்டுப் பிள்ளை ஆகிவிடுமா?

நெய்தல்நிலா (காலை 9:30)

அதே ஆல்பெர்ட்வில்லில் லாட்வியா, லிதுவேனியா, எஸ்டோனியா மூன்றும் தங்கள் சொந்தக் கொடியோடு நடந்து வந்தன. 1936-க்குப் பிறகு குளிர்கால ஒலிம்பிக்கில் அந்தக் கொடிகளில் ஒன்றுகூட ஏறியதில்லை. லிதுவேனியா 1928-க்குப் பிறகு அப்போதுதான் வந்தது. யூகோஸ்லாவியாவிலிருந்து பிரிந்த ஸ்லொவேனியாவும் குரோஷியாவும்கூட, அந்த ஜனவரியில்தான் ஐரோப்பிய நாடுகளின் அங்கீகாரம் கிடைத்திருந்தும், தனி அணியாக வந்தன. உக்ரைன் ஒருங்கிணைந்த அணியோடு போனது. தனியாக வந்து நின்றவர்களுக்கும் கூட்டத்தோடு வந்தவர்களுக்கும் வித்தியாசம் உண்டு, டாக்டர் சார். சிறிய நாடுகள் அந்தக் கொடிக்காக அரை நூற்றாண்டு காத்திருந்தன. கொடி ஒன்றுமே இல்லை என்று நீங்கள் சொல்லும்போது எனக்குக் கோபம் வருகிறது.

ஒடெசா_மருத்துவர் (காலை 9:41)

கோபம் எனக்கும் வருகிறது. பால்டிக் நாடுகளின் பழைய ஒலிம்பிக் கமிட்டிகளை மறுபடி ஏற்றுக்கொண்டால் போதும் என்று இருந்தது. உக்ரைன் கமிட்டிக்கு முழு அங்கீகாரம் 1993-இல்தான் வந்தது. அதுவரை ஆடாமல் உட்கார்ந்திருக்கச் சொல்கிறீர்களா? விளையாட்டு வீரனுக்கு நான்கு வருடம் என்பது பாதி வாழ்க்கை.

2014 சோச்சியில் நம் ஷிவா கேசவன் எந்தக் கொடியோடு லூஜ் (பனிச் சறுக்குவண்டி) ஓட்டினார்? இந்திய ஒலிம்பிக் சங்கம் இடைநீக்கத்தில் இருந்ததால் ஒலிம்பிக் கொடிதான். அவர் இந்தியர் இல்லை என்று இங்கே யாராவது சொல்லுங்கள் பார்ப்போம்.

நெய்தல்நிலா (காலை 9:58)

அவர் இந்தியர்தான். ஆனால் அன்று பதக்கம் வாங்கியிருந்தால் இந்தியாவின் கணக்கில் சேர்ந்திருக்காது. 2016 ரியோவில் குவைத் துப்பாக்கிச் சுடும் வீரர் ஃபெஹைத் அல்-தீஹானி தங்கம் வாங்கினார். குவைத் இடைநீக்கத்தில் இருந்ததால் அது 'சுயேச்சை வீரர்கள்' கணக்கில்தான் இருக்கிறது. ஆள் வேறு, அணி வேறு. இதைத்தான் காலையிலிருந்து சொல்கிறேன்.

ஒடெசா_மருத்துவர் (காலை 10:02)

குவைத்தில் போய் அது யாருடைய தங்கம் என்று கேட்டுப் பாருங்கள். பதிவேட்டைக் காட்டினால் அடிக்க வருவார்கள்.

வானதி (காலை 10:20)

இரண்டு பேருமே கவனிக்காத ஒன்று. லில்லிஹாம்மரில் உக்ரைனுக்கு முதல் பதக்கம் வாங்கித் தந்தவர் பயுல் அல்ல, வாலன்டினா செர்பே. பயத்லான் 7.5 கிலோமீட்டரில் வெண்கலம், பிப்ரவரி 23. பயுலின் தங்கம் இரண்டு நாள் கழித்துத்தான். பனியில் ஓடி, மூச்சு இரைக்கும்போதே துப்பாக்கியை நிதானமாகப் பிடிக்க வேண்டிய ஆட்டம் அது. தனிக் கொடியோடு வந்த முதல் ஒலிம்பிக்கில் முதல் பதக்கம் என்றால் அவர் பெயரை ஒரு தடவையாவது சொல்லுங்களேன்.

கரிசல்_கதிர் (காலை 10:31)

டாக்டர் அண்ணே, ஹாக்கிக்கு இன்னும் பதில் வரவில்லை.

ஒடெசா_மருத்துவர் (காலை 10:33)

சொல்லிவிட்டேன். அடிமை நாடு, சுதந்திர நாடு. மேலே போய்ப் படியுங்கள்.

சிவகங்கை_சேகர் (காலை 11:10)

பயுலுக்குத் தங்கமே கொடுத்திருக்கக் கூடாது என்பதுதான் என் கருத்து. முதல் சுற்றான குறும்போட்டியில் அமெரிக்காவின் நான்சி கெர்ரிகன் முதலிடம், பயுல் இரண்டாமிடம். கடைசிச் சுற்றில் ஒன்பது நடுவர்களில் ஐந்து பேர் பயுலுக்கு, நான்கு பேர் கெர்ரிகனுக்கு. அந்த ஐந்து பேர் யார்? உக்ரைன், போலந்து, செக், சீனா, ஜெர்மனி. ஜெர்மனி நடுவர் யான் ஹாஃப்மன் பழைய கிழக்கு ஜெர்மனி ஆட்டக்காரர். அவர் இருவருக்கும் மொத்தத்தில் சமமாகத்தான் போட்டார். கலை மதிப்பெண்ணில் பயுலுக்கு 0.1 கூட இருந்ததால் அந்த ஓட்டு பயுல் பக்கம் போனது. இதை வைத்துக்கொண்டு முதல் தங்கம் யாருடையது என்று சண்டை!

நெய்தல்நிலா (காலை 11:26)

சேகர், முந்தின நாள் பயிற்சியில் ஜெர்மனியின் தான்யா ஷெவ்ஷென்கோ மோதி பயுலுக்குக் காலில் தையல் போட்டார்கள். முதுகும் அடிபட்டது. வலிக்கு ஊசி போட்டுக்கொண்டுதான் ஆடினார். வயது 16. அம்மா 1991-இலேயே இறந்துவிட்டார், அப்பா அவரோடு இல்லை, பயிற்சியாளர் கனடாவுக்குப் போய்விட்டார். அந்தப் பெண் வாங்கிய தங்கத்தை நடுவரின் பழைய பாஸ்போர்ட்டைப் பார்த்து எடை போடாதீர்கள். கெர்ரிகனை ஜனவரியில் டெட்ராயிட்டில் முழங்காலுக்கு மேல் அடித்தார்கள், அதுவும் கொடுமைதான். ஆனால் பரிதாபத்துக்குத் தங்கம் தர முடியாது, இரண்டு பேருக்குமே.

ஒடெசா_மருத்துவர் (காலை 11:34)

நிலா இவ்வளவு சொன்னவர் மீதியையும் சொல்ல வேண்டாமா? நீப்ரோபெத்ரோவ்ஸ்கில் யாருமில்லாமல் நின்ற அந்தப் பெண்ணை ஒடெசாவுக்கு அழைத்து வந்து சொந்த வீட்டிலேயே தங்க வைத்தவர் கலினா ஸ்மியெவ்ஸ்கயா, பெட்ரென்கோவின் பயிற்சியாளர். பெட்ரென்கோவுக்கு மாமியாரும் அவர்தான். ஸ்கேட், உடை எல்லாவற்றுக்கும் காசு கொடுத்தவர் பெட்ரென்கோ. 1993 பிராகில் பயுல் உலகச் சாம்பியன், அடுத்த வருடம் ஒலிம்பிக் சாம்பியன். அவர் இல்லாமல் இவர் இல்லை. அண்ணன் வாங்கியதை அழித்துவிட்டுத் தங்கையைக் கொண்டாடுவதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

கரிசல்_கதிர் (காலை 11:52)

நீப்ரோபெத்ரோவ்ஸ்குக்கு 2016-லிருந்து பெயர் த்னிப்ரோ. ஆறு வருடம் அந்த நாட்டில் படித்தவர் இன்னும் சோவியத் பெயரை எழுதுகிறார்.

அப்புறம் உங்கள் அண்ணன் 2022 ஜூலையில் எங்கே ஆடினார் என்பதையும் எழுதுங்கள். போர் நடந்துகொண்டிருந்தபோது ரஷ்யாவில், சோச்சியில், கிரெம்ளின் பேச்சாளரின் மனைவி நடத்திய பனி நடனக் காட்சியில். உக்ரைன் ஸ்கேட்டிங் சம்மேளனமே அவரை நீக்கிவிட்டது. உக்ரைன்காரர்களே கைகழுவியவரை உக்ரைனின் முதல் தங்கம் என்று நீங்கள் தூக்கிப் பிடிக்கிறீர்கள்.

ஒடெசா_மருத்துவர் (மதியம் 12:05)

அந்தப் பெயர் மாறும் முன்னரே நான் படித்து முடித்து வந்துவிட்டேன். பயுல் பிறந்தபோதும் அதுதான் பெயர்.

2022-இல் அவர் செய்தது எனக்கும் வலித்தது. குண்டு விழுந்தது நான் நடந்த தெருக்களில். அதைப் பற்றி எனக்குப் பாடம் எடுக்காதீர்கள். ஆனால் 30 வருடம் கழித்துச் செய்த தப்பு 1992-இல் வாங்கிய தங்கத்தின் ஊரை மாற்றுமா? மாற்றாது. அவர் உக்ரைன்காரராக வாங்கினார், ஆகஸ்ட் 24-க்குப் பிறகு வாங்கினார்.

சிவகங்கை_சேகர் (மதியம் 12:40)

என் கேள்வி நடுவர்களைப் பற்றியது. கெர்ரிகன் தொடக்கத்தில் ஒரு மும்மைச் சுழற்சியை (காற்றில் மூன்று முறை சுற்றும் தாவல்) இரட்டையாகக் குறைத்தார், அவ்வளவுதான். மும்மை, மும்மை என்று அடுத்தடுத்துத் தாவியது அவர். பயுல் தாவவில்லை. பதில் சொல்லுங்கள்.

வானதி (மதியம் 1:15)

சேகர், சண்டையை விட்டுவிட்டு இதைப் பாருங்கள். பயுலுக்கு முந்தின நாள், அதே 1994-இல், உஸ்பெகிஸ்தானின் லீனா செர்யாசோவா ஃப்ரீஸ்டைல் ஏரியல்ஸில் (பனிச்சறுக்குக் கட்டைகளோடு காற்றில் தாவிச் சுழலும் போட்டி) தங்கம் வாங்கினார். அந்த நாட்டுக்குக் குளிர்கால ஒலிம்பிக்கில் கிடைத்த ஒரே பதக்கம். போட்டிக்கு முன்பே அவர் அம்மா இறந்துவிட்டார், அதை அவரிடம் சொல்லாமல் மறைத்துவிட்டார்கள். கடைசி நாளில் கஜகஸ்தானின் விளாதிமிர் ஸ்மிர்னோவ் 50 கிலோமீட்டர் பனிச்சறுக்கு ஓட்டத்தை வென்றார். 1992-இல் ஒரே அணியாக வந்த ஐந்து நாடுகளும் இந்தத் தடவை ஐந்து கொடியோடு வந்தன. எனக்கு லில்லிஹாம்மர் என்றால் அதுதான்.

ஒடெசா_மருத்துவர் (மதியம் 1:48)

இன்னொரு பெயர் தருகிறேன், இதற்கு நிலா என்ன சொல்கிறார் பார்க்கலாம். தத்தியானா குட்சு, பிறந்த ஊர் ஒடெசா. 1992 பார்சிலோனா, ஜிம்னாஸ்டிக்ஸ் தனிநபர் ஒட்டுமொத்தத் தங்கம். அங்கே தனிநபர் வெற்றிகளுக்கு அவரவர் நாட்டுக் கொடியை ஏற்றினார்கள். குட்சுவுக்கு ஏறியது நீல மஞ்சள் கொடி. நீங்கள் கேட்ட கொடி இதோ! கொடிதான் கணக்கு என்றாலும் பயுல் முதல் இல்லை. ஆள்தான் கணக்கு என்றாலும் பயுல் முதல் இல்லை. எந்தப் பக்கம் போனாலும் உங்கள் விடை தப்பு.

நெய்தல்நிலா (மதியம் 2:20)

குட்சுவைக் கொண்டு வந்ததற்கு நன்றி. தகுதிச் சுற்றில் அவர் கீழே விழுந்ததால் அணியின் முதல் மூன்று பேரில் வரவில்லை. ஒரு அணிக்கு மூன்று பேர்தான் என்பது விதி. உஸ்பெகிஸ்தானின் ரோசாலியா கலியேவாவுக்குக் காயம் என்று சொல்லி வெளியே எடுத்துவிட்டு அந்த இடத்தைக் குட்சுவுக்குத் தந்தார்கள். உக்ரைன் தனி அணியாக இருந்திருந்தால் உஸ்பெக் பெண்ணின் இடம் எதற்கு? அது ஒரே அணி என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். கொடி மேடையில் ஏறியது, பதக்கம் ஒருங்கிணைந்த அணியின் கணக்கில் ஏறியது.

கரிசல்_கதிர் (மதியம் 2:24)

அப்படிப் போடுங்கள் நிலா.

ஒடெசா_மருத்துவர் (மதியம் 2:31)

காலையில் கொடி ஏறவில்லை என்றீர்கள். கொடி ஏறியதைக் காட்டியதும் கணக்கு என்கிறீர்கள். கதிருக்கு என்ன, என்னை யார் திட்டினாலும் கைதட்டுவார்.

நெய்தல்நிலா (மதியம் 2:45)

கொடி, பாட்டு, அணி, பதிவு எல்லாம் ஒன்றாகச் சேர்ந்தது பயுலுக்கு மட்டும்தான். அன்று பதக்கம் கொடுக்கவே தாமதமானது ஏன் தெரியுமா? உக்ரைன் கீதத்தின் ஒலிப்பதிவு கிடைக்காமல் அமைப்பாளர்கள் தேடிக்கொண்டிருந்தார்கள். பயுல் மேக்கப்பைச் சரிசெய்கிறார் என்று நினைத்துக் கெர்ரிகன் சலித்துக்கொண்டது கேமராவில் பதிவானது. அந்தப் பாட்டை அதற்கு முன் அவர்கள் ஒரு தடவைகூடப் போட்டதில்லை, அதனால்தான் தேட வேண்டி வந்தது. முதல் தடவை என்பதற்கு எனக்கு இது போதும்.

சிவகங்கை_சேகர் (மதியம் 3:10)

கெர்ரிகன் பாவம், வெள்ளியும் வாங்கிக் காத்தும் நின்றார்.

ஒடெசா_மருத்துவர் (மதியம் 3:18)

கீதத்தின் ஒலிநாடா கிடைக்காதது நார்வே அமைப்பாளர்களின் அலட்சியம். அதை வைத்து வரலாறு எழுதாதீர்கள். அந்தப் பாட்டின் இசை 1992 ஜனவரியிலேயே அதிகாரபூர்வம், மேலே எழுதியிருக்கிறேன். ஆல்பெர்ட்வில்லில் போட்டிருக்கலாம், போடவில்லை.

நெய்தல்நிலா (மதியம் 3:22)

போடவில்லை. அதைத்தான் நானும் சொல்கிறேன்.

ஒடெசா_மருத்துவர் (மதியம் 3:25)

ஆள் உக்ரைன்காரர். ஆகஸ்ட் 24, 1991. சாயங்காலம் எனக்கு ஆபரேஷன் இருக்கிறது, முடித்துவிட்டு வருகிறேன். குட்சு விஷயத்தில் நிலா எழுதியதற்கு இன்னும் பதில் பாக்கி இருக்கிறது, திரியைப் பூட்டிவிடாதீர்கள்.

வானதி (மதியம் 3:40)

செர்பேவைப் பற்றி யாருக்கும் ஒன்றும் சொல்ல இல்லையா?

கரிசல்_கதிர் (மதியம் 3:52)

அண்ணே, வரும்போது ஹாக்கிக்கும் பதிலோடு வாருங்கள்.