குடும்பக் குழு: "கல்யாண வீடு 🌺"

பெரியப்பா (காலை 7:12): அனைவருக்கும் காலை வணக்கம். வாட்ஸ்அப் நம் பேச்சையெல்லாம் ஃபேஸ்புக்கிடம் கொடுக்கிறதாம். என் ஃபோனும் நத்தையாக நகர்கிறது. குழுவை இன்றே வேறு செயலிக்கு மாற்றிவிடுவோம்.

அத்தை: எங்கே போவது அண்ணா? 2021 ஜனவரியில் இதே பேச்சு எழுந்து எல்லோரும் சிக்னல் செயலிக்குப் போனோம். பொங்கல் வாழ்த்தோடு அங்கே கடையை மூடியாயிற்று.

சித்தப்பா: டெலிகிராம் இருக்கிறதே. ஃபோனை மாற்றினாலும் பழைய செய்தி எல்லாம் நொடியில் வந்துவிடும்.

அருண்: அப்படி வருவதற்குக் காரணமே அவை அவர்களுடைய சர்வரில் இருப்பதுதான் சித்தப்பா. அனுப்புபவரும் பெறுபவரும் மட்டுமே படிக்கும்படி பூட்டும் இருமுனைக் குறியாக்கம் அங்கே 'ரகசிய அரட்டை'க்கு மட்டும். இருவர் பேசும்போதுதான் அது கிடைக்கும், குழுவுக்குக் கிடையாது. வாட்ஸ்அப்பில் 2016 முதல் குழுச் செய்திக்கும் அந்தப் பூட்டு உண்டு.

பெரியப்பா: நம்ம ஊர் ஜோஹோவின் 'அரட்டை' செயலி?

அருண்: 2025 அக்டோபரில் எல்லோரும் அதில் ஏறியபோது அழைப்புகளுக்கு மட்டுமே அந்தப் பூட்டு இருந்தது. எழுத்துச் செய்திக்குப் பிறகு தருகிறோம் என்றார்கள்.

சித்தப்பா: அப்படியானால் வாட்ஸ்அப் உத்தமர் என்கிறாயா?

கவிதா: அதுவும் இல்லை. நாம் எழுதுவதை அவர்களால் படிக்க முடியாது. ஆனால் யாரோடு, எப்போது, எத்தனை முறை பேசுகிறோம் என்பது தெரியும். ஃபேஸ்புக்கோடு தகவல் பகிரும் அந்த 2021 கொள்கைக்காகத்தான் 2024 நவம்பரில் இந்தியப் போட்டி ஆணையம் இரண்டுக்கும் உரிமையாளரான மெட்டாவுக்கு 213 கோடி ரூபாய் அபராதம் போட்டது.

கவிதா: அதைவிடப் பெரிய ஓட்டை பேக்கப். கூகுள் டிரைவுக்குப் போகும் நகலுக்குத் தனியாகப் பூட்டுப் போட வேண்டும். 2021 முதலே அந்த வசதி இருக்கிறது, நாமாகப் போய் இயக்கினால்தான் உண்டு. கடவுச்சொல்லை மறந்தால் வாட்ஸ்அப்பாலும் திறக்க முடியாது. பெரியப்பா, டைரியில் எழுதி வையுங்கள்.

பெரியப்பா: டைரியைப் பேத்தி எடுத்துப் படம் வரைந்துகொண்டிருக்கிறாள்.

அருண்: ஃபோன் வேகத்துக்கு ஒன்று செய்யுங்கள். அமைப்புகளில் சேமிப்பிடம் பற்றிய பக்கத்தைத் திறந்தால் '5 எம்பிக்கு மேற்பட்டவை', 'பலமுறை பகிரப்பட்டவை' என்று இரண்டு தொகுப்புகள் தனியாக இருக்கும். இரண்டாவதைக் கண்ணை மூடிக்கொண்டு அழிக்கலாம். தானாகப் பதிவிறங்குவதையும் நிறுத்திவிடுங்கள்.

பெரியப்பா (7:41): பார்த்தேன். ஒரே முருகன் காணொளி பதினோரு தடவை இருக்கிறது. எட்டு தடவை அனுப்பியது தம்பி.

சித்தப்பா: பக்தி அண்ணா.

அத்தை: செயலியை விடுங்கள். நேற்று மண்டபத்தில் அறை போட வேண்டும் என்று பாட்டியின் ஆதாரை இரண்டு பக்கமும் படமெடுத்து இந்தக் குழுவில் போட்டது யார்? இங்கே 64 பேர் இருக்கிறோம். அதில் பெண் வீட்டார் பாதி, நமக்கு முகம்கூடத் தெரியாது. எந்தப் பூட்டு அதைக் காப்பாற்றும்?

சித்தப்பா: மேலாளர் எண் கிடைக்கவில்லை, அவசரம்…

கவிதா: 'அனைவருக்கும் அழி' இப்போதே கொடுங்கள் சித்தப்பா, இரண்டு நாள் கடந்தால் முடியாது. அத்தை, நீங்கள் அதைக் கொஞ்சம் தனியாகச் சொல்லியிருக்கலாம்…

சம்பந்தி அம்மா (7:58): வணக்கம். முகம் தெரியாத பாதியிலிருந்து எழுதுகிறேன் 🙂

அத்தை: ஐயோ, தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள் சம்பந்தி!

சம்பந்தி அம்மா: இல்லை, நீங்கள் சொன்னது சரிதான். என் ஃபோனிலும் அது தானாக இறங்கியிருந்தது, அழித்துவிட்டேன். எங்கள் மாமனாருடைய ஆதாரும் மண்டபத்துக்கு அனுப்ப வேண்டும். எப்படி அனுப்பலாம்?

கவிதா: மைஆதார் தளத்தில் எண்ணும் ஓடிபியும் கொடுத்துப் பதிவிறக்கும்போது 'மாஸ்க்டு' என்பதை டிக் செய்யுங்கள் அம்மா. கடைசி 4 இலக்கம் மட்டும் தெரியும் நகல் கிடைக்கும். அதன் கடவுச்சொல், பெயரின் முதல் நான்கு ஆங்கிலப் பெரிய எழுத்தும் பிறந்த ஆண்டும். மேலாளர் எண்ணை உங்களுக்குத் தனியாக அனுப்புகிறேன்.

சித்தப்பா: எனக்கும் அனுப்பு.