பொருள் ஏப்ரலில் வந்தது, பயன்பாட்டுச் சான்று மார்ச்சிலேயே போய்விட்டது: தணிக்கைக்கு என்ன பதில் எழுதுவது?

வினா: புதிதாகப் பொறுப்பேற்ற தலைமையாசிரியை

அனைவருக்கும் வணக்கம். கடந்த ஜூன் மாதம் ஓர் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் தலைமையாசிரியையாகப் பொறுப்பேற்றேன். இருபது ஆண்டுகள் கணக்குப் பாடம் நடத்தியவள்தான் என்றாலும், பள்ளியின் வரவு செலவுக் கணக்கை எழுதுவது இதுவே முதல் முறை.

எங்கள் பள்ளியில் 118 பிள்ளைகள் படிக்கிறார்கள். 101 முதல் 250 மாணவர் வரையுள்ள பள்ளி என்பதால், சென்ற நிதியாண்டில் ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் பள்ளி மானியமாக 50,000 ரூபாய் இரண்டு தவணைகளில் ஒதுக்கப்பட்டது. முதல் 25,000 ரூபாய்க்கான கணக்கில் குறை எதுவும் இல்லை. இரண்டாம் தவணைக்கான செலவு வரம்பு, அதாவது இவ்வளவு தொகை வரை பள்ளி செலவிடலாம் என்ற அனுமதி, மார்ச் மூன்றாம் வாரத்தில்தான் வந்திருக்கிறது. அதில் 9,750 ரூபாயை மின்வயர் பழுதுக்குக் கொடுத்துவிட்டு, மீதி 15,250 ரூபாயை எனக்கு முன்பிருந்த தலைமையாசிரியர் மார்ச் 28ஆம் தேதி ஒரு ஹார்டுவேர் கடைக்கு முழுமையாகச் செலுத்தியிருக்கிறார். எரிந்துபோன தண்ணீர் மோட்டாருக்குப் பதிலாகப் புது மோட்டாருக்கு 9,600 ரூபாய், கழிப்பறைக் குழாய்களுக்கும் பைப்புகளுக்கும் 5,650 ரூபாய் என்பது அதன் விவரம். பொருள் வந்ததும் பில் போடப்பட்டதும் ஏப்ரல் 21ஆம் தேதி. ஆனால், 50,000 ரூபாயும் செலவாகிவிட்டது என்ற பயன்பாட்டுச் சான்று மார்ச் 31ஆம் தேதியிட்டு வட்டார வள மையத்துக்குப் போயிருக்கிறது.

இந்த மாதம் தணிக்கைக்கு வந்தவர் சான்றின் நகலையும் பில்லையும் அருகருகே வைத்துப் பார்த்துவிட்டு, இருப்புப் பதிவேட்டின் ஓரத்தில் பென்சிலால் இரண்டு தேதிகளை மட்டும் எழுதினார். எழுத்துமூலம் விளக்கம் கேட்டிருக்கிறார். மோட்டார் ஓடுகிறது, பிள்ளைகளுக்குத் தண்ணீர் வருகிறது, ஒரு ரூபாய்கூடக் காணாமல் போகவில்லை. கடைக்காரரிடம் கேட்டு மார்ச் தேதியில் ஒரு பில் வாங்கி வைத்துவிட்டால் விஷயம் முடிந்துவிடும் என்று சக ஆசிரியர் ஒருவர் சொல்கிறார். எனக்கு மனம் ஒப்பவில்லை. ஆனால் வேறு வழியும் தெரியவில்லை.

இன்னொரு சிறு ஐயமும் உண்டு. பள்ளி மேலாண்மைக் குழுவின் பழைய சேமிப்புக் கணக்கு ஒன்றில் வட்டியாக 1,312 ரூபாய் கிடக்கிறது. அதில் சாக்பீஸ் வாங்கிக்கொள்ளலாமா?

மறுமொழி 1: ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்

அம்மா, வணக்கம். முதலில் பதற்றத்தை விடுங்கள். மார்ச் கடைசி வாரத்தில் பணம் வந்து, 31ஆம் தேதிக்குள் சான்று கொடுங்கள் என்று தொலைபேசியில் விரட்டப்படாத தலைமையாசிரியர் எவரும் இருந்ததில்லை. உங்களுக்கு முன்பிருந்தவர் கெட்ட எண்ணத்தில் செய்திருப்பார் என்று நான் நினைக்கவில்லை. செலவு வரம்பு காலாவதியாகிவிட்டால் மோட்டார் வாங்க முடியாது, கோடையில் பிள்ளைகள் தவிக்கும் என்று எண்ணியிருப்பார்.

பொறுப்பு ஒப்படைப்புப் பட்டியலை எடுத்துப் பாருங்கள். ரொக்கப் பதிவேடு, இருப்புப் பதிவேடு, தீர்மானப் புத்தகம், பற்றுச்சீட்டுக் கோப்பு, பாஸ்புக் ஆகியவற்றை எந்தப் பக்கம் வரை நீங்கள் பெற்றுக்கொண்டீர்கள் என்பது அதில் எழுதப்பட்டிருந்தால், அந்தப் பக்கத்துக்கு முன்புள்ளவை அவருடைய காலத்துச் செயல் என்பது தானாகவே விளங்கும். எழுதப்படாவிட்டால் இப்போதாவது அவரை அழைத்து, நடந்ததை அவர் கையெழுத்தில் ஒரு பக்கம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ஓய்வு பெற்றவரோ மாறுதலில் போனவரோ, கேட்டால் தயங்காமல் எழுதித் தருவார்கள். கேட்பதற்குத்தான் நாம் கூச்சப்படுகிறோம்.

பில் விஷயத்தில் மார்ச் தேதியிட்ட பில் வேண்டாம். ஆனால் 28ஆம் தேதி பணம் பெற்றுக்கொண்டேன் என்று, அந்தத் தேதியிலேயே கடைக்காரரிடம் முன்பண ரசீது ஒன்று வாங்கி வைக்கலாம் என்பது என் கருத்து. பணம் அன்று போனது உண்மைதானே?

மறுமொழி 2: கணக்குப் பிரிவில் பணியாற்றுபவர்

ஐயா சொன்னதில் ஒப்படைப்புப் பட்டியல் பற்றிய பகுதியை அப்படியே ஏற்கிறேன். ரசீது பற்றிய யோசனையை மட்டும் மறுக்க வேண்டியிருக்கிறது. இன்று எழுதும் ரசீது இன்றைய தேதியைத்தான் தாங்க வேண்டும். "மார்ச் 28ஆம் தேதி வங்கி வழியாக 15,250 ரூபாய் பெற்றேன், அதற்கான பொருளை ஏப்ரல் 21ஆம் தேதி பில் எண் இன்னதன்படி வழங்கினேன்" என்று இன்றைய தேதியில் கடைக்காரர் எழுதிக் கொடுத்தால் அது நல்ல ஆவணம். அதே வாசகத்தை மார்ச் தேதியில் எழுதினால் போலி ஆவணம். பில்லுக்கும் இதே கதைதான். ஜி.எஸ்.டி. விதிகளின்படி ஒரு நிதியாண்டின் பில்கள் தொடர் எண்ணில் வர வேண்டும். மார்ச் மாத விற்பனையைக் கடைக்காரர் எப்போதோ கணக்குக் காட்டி முடித்திருப்பார். இன்று மார்ச் தேதியில் ஒரு பில் கிழித்தால் அதன் எண் ஒன்றே எல்லாவற்றையும் காட்டிக்கொடுத்துவிடும். இப்போது உங்கள் பள்ளியில் இருப்பது விளக்கம் எழுதினால் தீரக்கூடிய ஒரு நடைமுறைக் குறை. தேதி மாற்றிய ஒரு தாள் கோப்பில் ஏறினால் அது ஒழுங்கு நடவடிக்கைக்குரிய குற்றமாகிவிடும்.

அடிப்படையில் நடந்த பிழை என்னவென்றால், பணம் வங்கியை விட்டுப் போன நாளைச் செலவான நாளாக எடுத்துக்கொண்டதுதான். இத்திட்டத்தின் கணக்கு முறையில், மாநிலத் திட்ட அலுவலகம் மாவட்டத்துக்கும் பள்ளிக்கும் விடுவிக்கும் தொகைகூட முதலில் முன்பணம் என்றுதான் ஏடுகளில் எழுதப்படும்; கீழிருந்து செலவு அறிக்கையும் பயன்பாட்டுச் சான்றும் வந்த பிறகே அது செலவாக மாறும். பள்ளிக்கும் கடைக்கும் இடையிலும் நியாயம் அதுவே. மார்ச் 31 அன்று உங்கள் பள்ளியின் உண்மை நிலை: பெற்றது 50,000, செலவு 34,750, சரிக்கட்டப்படாத முன்பணம் 15,250. இப்படியே சான்றில் எழுதியிருந்தால் யாரும் பென்சிலைத் தொட்டிருக்க மாட்டார்கள்.

இது ஒன்றிய அரசின் பணமும் கலந்த மானியம் என்பதால், 2017ஆம் ஆண்டின் பொது நிதி விதிகள் இங்கே முக்கியம். பொருள் வந்த பிறகே பணம் கொடுப்பது பொது வழக்கமாக இருக்க வேண்டும் என்று 172ஆம் விதி சொல்கிறது. நிதியாண்டின் கடைசி மாதங்களில் அவசர அவசரமாகச் செலவழிப்பதே நிதி ஒழுங்கை மீறுவது என்கிறது 62ஆம் விதி. பயன்பாட்டுச் சான்றுக்கோ, நிதியாண்டு முடிந்து 12 மாதம் வரை 238ஆம் விதி அவகாசம் தருகிறது. அப்படியானால் மார்ச் 31 என்ற விரட்டல் எங்கிருந்து வருகிறது என்று கேட்பீர்கள். 2021 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த எஸ்.என்.ஏ. (ஒரு திட்டத்துக்கு மாநிலத்தில் ஒரே பொறுப்பு முகமை) முறையில் பணம் முழுவதும் மாநில அளவில் ஒரே கணக்கில் இருக்கிறது. பள்ளிக்கு இருப்பது பூஜ்ய இருப்புக் கணக்கு, அதன்மேல் ஒரு செலவு வரம்பு, அவ்வளவுதான். பயன்படுத்தாத வரம்பு ஆண்டு முடிவில் திரும்பிப் போய்விடும் என்ற அச்சம்தான் எல்லாரையும் ஓடவைக்கிறது. அந்த அச்சம் பொய்யானதன்று. ஒன்றிய அரசு 60 விழுக்காடும் மாநில அரசு 40 விழுக்காடும் தரும் திட்டம் இது. 2024-25இல் தமிழ்நாட்டுக்கான ஒன்றியப் பங்கு விடுவிக்கப்படாமல் வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனதை அறிவீர்கள். மேலே தாமதமாகும் ஒவ்வொரு மாதத்துக்கும், கீழே பள்ளிக்கு ஒரு மாதம் குறைகிறது. ஆனாலும் தவறான சான்றுக்கு இது காரணமாகுமே தவிர, பதிலாகாது.

இனிச் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். மார்ச் 28ஆம் தேதிப் பதிவை அடிக்கவோ வெள்ளை மை பூசவோ வேண்டாம். ரொக்கப் பதிவேட்டில் இன்றைய தேதியில், அந்தப் பக்க எண்ணைக் குறிப்பிட்டு, 15,250 ரூபாய் முன்பணமாகக் கருதத்தக்கது என்றும், ஏப்ரல் 21ஆம் தேதி பொருள் பெற்றதன் மூலம் அது சரிக்கட்டப்பட்டது என்றும் ஒரு திருத்தக் குறிப்பு எழுதிக் கையொப்பமிடுங்கள். அடுத்த மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் இதைப் படித்துக்காட்டித் தீர்மானமாகப் பதிவு செய்யுங்கள். பிறகு சான்றில் நேர்ந்த பிழையை நீங்களே முன்வந்து வட்டார வள மையத்துக்குக் கடிதமாக எழுதி, அதன் நகலைத் தணிக்கைப் பதிலுடன் இணையுங்கள். பள்ளி தரும் சான்று வட்டாரம், மாவட்டம், மாநிலம் என்று கூட்டப்பட்டுத் தில்லி வரை போகிறது. எனவே அந்தக் கடிதம் உங்கள் மேசையிலேயே நின்றுவிடக் கூடாது.

ஒன்றைப் பலர் கவனிப்பதில்லை. பள்ளி மானியத்தில் குறைந்தது 10 விழுக்காடு தூய்மைச் செயல்திட்டத்துக்குப் போக வேண்டும். உங்களுக்கு அது 5,000 ரூபாய். கழிப்பறைக் குழாய்களுக்கான 5,650 ரூபாய்தான் அந்தப் பங்கு என்றால், அதுவும் முன்பணமாக மாறும்போது சென்ற ஆண்டின் தூய்மைச் செலவு குறைந்து தெரியும். தணிக்கையாளர் கேட்பதற்கு முன் அதையும் கடிதத்தில் ஒரு வரி எழுதிவிடுங்கள்.

வட்டிப் பணத்தில் சாக்பீஸ் வாங்க வேண்டாம், அம்மா. மானியத்தின் மீது கிடைக்கும் வட்டி பள்ளியின் வருமானமாகாது. பொது நிதி விதிகளின் 230ஆம் விதிப்படி அது அரசுக்குத் திரும்ப வேண்டும். மேலும், எஸ்.என்.ஏ. முறை வந்தபோதே பழைய மானியக் கணக்குகளின் இருப்பை ஒப்படைத்துக் கணக்கை முடித்திருக்க வேண்டும். 1,312 ரூபாயை வட்டார வள மையம் சொல்லும் கணக்கில் செலுத்தி, சலானை ஒட்டிவைத்து, கணக்கை மூடிவிடுங்கள். ஊரார் தந்த நன்கொடையும் அதே கணக்கில் கலந்திருந்தால் மட்டும், பாஸ்புக்கை முதல் பக்கத்திலிருந்து பிரித்துப் பார்த்த பிறகு முடிவெடுங்கள்.

மறுமொழி 3: ஒரு பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவி

நான் ஆசிரியை அல்லள். எங்கள் ஊர்ப் பள்ளியில் மகளைப் படிக்கவைக்கும் ஒரு தாய். இந்தக் கையொப்பங்களில் ஒன்று என்னுடையதாகவும் இருப்பதால் எழுதுகிறேன்.

கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் 21ஆம் பிரிவு, குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோரும் பாதிப்பேர் பெண்களும் இருக்க வேண்டும் என்பதோடு, பள்ளிக்கு வரும் மானியம் எப்படிச் செலவாகிறது என்று கண்காணிப்பதையும் குழுவின் வேலையாக்கியிருக்கிறது. நடப்பில் எங்களைக் கூப்பிடுவது, செலுத்தல் ஆணையை அச்சிட்டு வங்கிக்கு எடுத்துப் போகும் அன்றுதான். நான் பொறுப்புக்கு வந்த முதல் ஆண்டில், அவசரம் என்று சொல்லி என் வீட்டு வாசலில் வைத்தே ஒரு தாளை நீட்டினார்கள். பில் எங்கே என்று கேட்டேன். வரும் என்றார்கள். வந்த பிறகு வாருங்கள் என்று சொல்லிவிட்டேன். இரண்டு நாள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். மூன்றாம் நாள் பில்லும் வந்தது, பெயின்ட் டப்பாக்களும் வந்தன. நாங்கள் மூன்று பெண்கள் நின்று எண்ணினோம். பில்லில் எட்டு, தரையில் ஏழு. எட்டாவது டப்பா கடையிலேயே தங்கிவிட்டது என்று அன்று மாலையே கொண்டுவந்து கொடுத்தார்கள்.

அதனால், அம்மா, உங்கள் தலைவியிடம் தீர்மானத்தில் கையெழுத்து மட்டும் வாங்காமல், நடந்ததை விளக்கிச் சொல்லுங்கள். மார்ச் 28 அன்று கையெழுத்திட்டவர் அவர்தான் என்றால், தணிக்கைப் பதிலில் அவர் பெயரும் சேர்ந்தே நிற்கிறது.

வினா எழுப்பியவர், பதினொரு நாள் கழித்து

அனைவருக்கும் நன்றி. முன்பிருந்த தலைமையாசிரியர் நேரில் வந்து ஒன்றரைப் பக்கம் எழுதித் தந்துவிட்டார். கடைக்காரரும் இன்றைய தேதியிலேயே கடிதம் கொடுத்தார். மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் முழுவதையும் படித்துக்காட்டினேன், "அப்படியானால் பழைய மோட்டார் எங்கே?" என்று தலைவி கேட்டார். எனக்கு அது தோன்றவே இல்லை. இருப்புப் பதிவேட்டில் "மோட்டார் 1" என்று மட்டும்தான் இருந்தது. குதிரைத் திறனும் இல்லை, தொடர் எண்ணும் இல்லை, பழையதைக் கழித்த பதிவும் இல்லை.

கூட்டம் முடிந்ததும் எல்லாரும் சேர்ந்து தேடினோம். மாடிப்படிக்குக் கீழே, உடைந்த பெஞ்சுகளுக்குப் பின்னால், சாக்கு போர்த்திக் கிடந்தது. புது மோட்டாரின் தகட்டிலுள்ள தொடர் எண்ணை எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் படிக்கப் படிக்கப் பதிவேட்டில் ஏற்றினேன். பழையதைப் பயனற்ற பொருள்களின் பட்டியலில் சேர்த்து, ஏலம் விட அனுமதி கேட்டு வட்டாரக் கல்வி அலுவலருக்கு எழுதியிருக்கிறேன். தணிக்கைப் பதிலும் வட்டார வள மையத்துக்கான கடிதமும் நேற்று நேரில் கொடுத்து ஒப்புதல் முத்திரை பெற்றாயிற்று. பழைய பாஸ்புக்கில் மட்டும் 2019இல் வரவான 500 ரூபாய் ஒன்று நன்கொடையா மானியமா என்று விளங்கவில்லை. வங்கியில் விவரம் கேட்டிருக்கிறேன், வந்ததும் எழுதுகிறேன்.

மறுமொழி: கணக்குப் பிரிவில் பணியாற்றுபவர்

500 ரூபாய்க்கான விவரம் வரும்வரை அந்தத் தொகையை மட்டும் நிறுத்திவைத்து, வட்டியை இப்போதே செலுத்திவிடுங்கள். ஏலத் தொகை வந்தால் அதையும் குழுவின் கைச்செலவுக்கு எடுக்காமல், அனுமதிக் கடிதத்தில் சொல்லப்படும் கணக்கிலேயே கட்டுங்கள். மானியத்தில் வாங்கிய பொருள் விற்றுவரும் பணமும் மானியத்தோடு சேர்ந்ததே.