காருக்கும் காட்டுக்கும் ஒரே ஜிபிஎஸ் கருவி போதுமா?

திருப்பூர் பனியன்:
அண்ணன்மாரே, அக்காமாரே, ஒரு யோசனை சொல்லுங்க. பார்ட்டிகளைப் பார்க்க அடிக்கடி திம்பம் ஏறிச் சாமராஜநகர், மைசூர்ப் பக்கம் காரில் போகிறேன். லீவு கிடைத்தால் கூட்டாளிகளோடு வால்பாறை, கொல்லிமலை என்று நடை. பண்ணாரி தாண்டி மலை ஏறினால் போனில் டவர் விட்டு விட்டுத்தான் வருகிறது. மேப் வெறும் சாம்பல் கட்டமாக நிற்கிறது. தெரிந்த கடையில் கண்ணாடியில் ஒட்டுகிற பழைய நேவிகேட்டர் ஒன்று மலிவாகத் தருகிறேன் என்கிறார்கள். இன்னொரு பக்கம், அமெரிக்காவில் இருக்கும் மச்சான், சாட்டிலைட் வழியாக மெசேஜ் அனுப்பும் கார்மின் இன்ரீச் கொண்டு வரட்டுமா என்கிறார். எதை எடுக்கலாம்? இல்லை, போனே போதுமா?

திம்பம் டிரைவர்:
போனே போதுமுங்க. தாளவாடி முட்டைக்கோசு ஏற்றிக்கொண்டு மேட்டுப்பாளையம் மண்டிக்கு இறங்குகிறவன் சொல்கிறேன். சாம்பல் கட்டம் வந்தால் ஜிபிஎஸ் போய்விட்டது என்று அர்த்தமில்லை. ஜிபிஎஸ்ஸுக்கு டவரும் வேண்டாம், சிம்மும் வேண்டாம். 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகிற சாட்டிலைட் பேசுவதைப் போன் கேட்கிறது, அவ்வளவுதான். வராமல் போனது படம். வீட்டு வைஃபையில் சத்தியமங்கலத்திலிருந்து மைசூர் வரைக்கும் ஆஃப்லைன் மேப்பை இறக்கி வைத்துவிட்டால் கதை முடிந்தது.

அப்புறம், திம்பத்தில் 27 கொண்டை ஊசி வளைவு, இருப்பது ஒரே ரோடு. அதில் வழி தவற என்ன இருக்கிறது? எதிரில் பெரிய லாரி திரும்புகிறதா, ராத்திரி வண்டித் தடைக்கு முன்னாடி செக்போஸ்ட்டைத் தாண்டிவிடுவோமா, இதுதான் அங்கே தெரிய வேண்டியது. அதைச் சொல்கிற கருவி இன்னும் வரவில்லை.

கொல்லிமலைக் கால்நடை:
டிரைவர் அண்ணன் சொல்வது ரோட்டுக்குச் சரி. நம்ம பனியன் தம்பி நடைக்கும் சேர்த்துத்தான் கேட்கிறார். கூகுள் மேப்பை இறக்கி வைத்தாலும் நெட் இல்லாதபோது கார் வழி மட்டும்தான் காட்டும், நடைவழி காட்டாது. அதிலும் கொல்லிமலையில் காரவள்ளியிலிருந்து ஏறும் 70 வளைவு ரோட்டை விட்டு இறங்கினால், பாதைகள் அந்தப் படத்தில் இருக்காது.

மழையில் நனைந்த விரலால் டச் ஸ்கிரீனைத் தொட்டுப் பாருங்கள். நீங்கள் ஒன்றைத் தொட்டால் அது வேறெங்கோ ஓடும். ஆனைமலைப் பக்கம் ஒரு கையால் காலில் ஏறிய அட்டையைப் பிடுங்கிக்கொண்டே பாதை பார்த்தவர்களுக்கு இது தெரியும். கையடக்க ஜிபிஎஸ் கருவியில் பொத்தான். உறை போட்ட கையாலும் அழுத்தலாம். கார்மின் ஈட்ரெக்ஸ் 22எக்ஸ் மாதிரி ஒன்றுக்குச் சுவர்க் கடிகாரத்துக்குப் போடும் ஏஏ பேட்டரி இரண்டு போதும், 25 மணி நேரம் ஓடும் என்கிறது கம்பெனி. தீர்ந்தால் பெட்டிக்கடையில் வாங்கி மாற்றிக்கொள்ளலாம். போன் செத்தால் வழியும் போச்சு, டார்ச்சும் போச்சு, வீட்டுக்குச் சொல்லவும் வழியில்லை.

திம்பம் டிரைவர்:
பவர் பேங்க் என்று ஒன்று இருப்பது உங்களுக்குத் தெரியாதா, தம்பி? நடைவழிக்கு ஆர்கானிக் மேப்ஸ், ஓஎஸ்எம்ஆண்ட் என்ற ஆப்கள் இருக்கிறது. இரண்டுமே பொதுமக்கள் சேர்ந்து வரைகிற ஓபன் ஸ்ட்ரீட் மேப்பில் ஓடுகிறவை, நெட் இல்லாமல் ஒற்றையடிப் பாதை, மேடு பள்ளம் காட்டும் சமஉயரக் கோடு எல்லாம் காட்டும்.

இன்னொன்று. நீங்கள் சொல்லும் 22எக்ஸ் ஒரே அலைவரிசையில் கேட்கிற கருவி. 2018-இல் வந்த ஷாவ்மி மி 8 போனிலேயே எல்1, எல்5 என்ற இரண்டு அலைவரிசையும் கேட்கும். இன்றைக்கு நடுத்தர விலைப் போன் பலவற்றிலும் இருக்கிறது. பாறையில் பட்டுத் திரும்பி வரும் சிக்னலைப் பிரித்தறிய இரண்டு அலைவரிசை உதவும் என்று உங்கள் மாதிரி ஆட்கள்தானே சொல்கிறீர்கள்? அப்படியென்றால் பழைய கருவிக்குக் காசைக் கொட்டுவது எதுக்கு?

கொல்லிமலைக் கால்நடை:
கேள்வி நியாயம்தான். ஆனால் போன் பேட்டரியை மிச்சம் பிடிக்க ரிசீவரை விட்டு விட்டு இயக்கும். திரை அணைந்திருக்கும்போது நாம் நடந்த தடத்தைப் பதிகிற ஆப்பையே சில போன்கள் மூடிவிடும். திரும்பி வருகிறபோது பார்த்தால் தடத்தில் பாதியைக் காணோம். கையடக்கக் கருவிக்கு வேறு வேலையே கிடையாது, பையில் தொங்கினபடி பதிந்துகொண்டே இருக்கும். இரண்டு அலைவரிசைதான் வேண்டும் என்றால் கார்மின் ஜிபிஎஸ்மேப் 67 இருக்கிறது. விலையைக் கேட்டால் பனியன் தம்பி மலையேறுவதையே விட்டுவிடுவார்.

ஈட்ரெக்ஸ் எஸ்இ பற்றியும் சொல்லிவிடுகிறேன். 168 மணி நேரம் பேட்டரி நிற்கும் என்று விளம்பரம் பார்த்து வாங்கிவிட வேண்டாம். அதில் விரிவான மேப் கிடையாது, நடந்த கோடும் குறித்த புள்ளியும்தான்.

பீளமேடு கால்டாக்ஸி:
அந்தப் பழைய நேவிகேட்டரைப் பற்றி யாரும் பேசவில்லையே. தம்பி, அதைத் தொடாதீர்கள். அப்படியும் ஆசை என்றால் கடையிலேயே ஆன் பண்ணித் தேதியைப் பாருங்கள். ஜிபிஎஸ் சிக்னலில் வாரக்கணக்கு 1024 வாரத்துக்கு ஒருமுறை பூச்சியத்துக்குத் திரும்பும். கடைசியாகத் திரும்பியது 2019 ஏப்ரலில். மென்பொருள் புதுப்பிக்காத பழைய கருவிகள் சிலது அன்றிலிருந்து கிட்டத்தட்ட இருபது வருசம் பின்னாடி போய்த் தேதி காட்டும். அப்படிக் காட்டினால் அதற்கு அப்டேட் நின்று வெகு காலம் ஆகிவிட்டது என்று புரிந்துகொள்ளலாம்.

மேப்பும் அதே வயசுதான். 2025 அக்டோபரில் கோவையில் திறந்த ஜி.டி. நாயுடு மேம்பாலம், உப்பிலிபாளையத்திலிருந்து கோல்ட்வின்ஸ் வரைக்கும் 10 கிலோமீட்டர் சொச்சம். பழைய படத்துக்கு அது தெரியாது. கீழே அவிநாசி ரோட்டில் போவதாக நினைத்துக்கொண்டு, பாலத்தின் மேலே வைத்து "ஹோப்ஸில் இடது பக்கம் திரும்பவும்" என்று கணீரென்று சொல்லும். புதுப் போனே அங்கே திணறுகிறது. மேலே இருக்கிறோமா, கீழே இருக்கிறோமா என்று பிரிப்பதில் ஜிபிஎஸ் எப்பவும் கொஞ்சம் மந்தம்தான். இடத்தைச் சொல்வதைவிட உயரத்தைச் சொல்வதில் அதற்குப் பிழை அதிகம்.

ஆனால் டிரைவர் அண்ணனிடம் ஒரு விசயத்தில் ஒத்துப்போக மாட்டேன். மே மாசம் கரூர் ரோட்டில் மத்தியானம் போனைக் கண்ணாடியில் மாட்டி, சார்ஜும் போட்டு ஓட்டிப் பாருங்கள். சூடாகிச் சார்ஜ் ஏறாது, திரை மங்கிவிடும், கடைசியில் "சாதனம் குளிர வேண்டும்" என்று கைவிரித்துவிடும். ஏசி காற்று வருகிற இடத்தில் மாட்டினால் பிழைக்கும்.

திம்பம் டிரைவர்:
லாரியில் ஏசிக்கு எங்கேயுங்க போறது? ஈரத்துண்டைப் போட்டு மூடிக்கொண்டு, காதில் கேட்டே ஓட்டுகிறோம். ஓட்டம் நடக்கத்தானே செய்கிறது.

கோபி மஞ்சள்காட்டுக்காரி:
நடுவில் வருகிறேன், கோவிச்சுக்காதீங்க. இந்தக் கையடக்கக் கருவியை வைத்துக்கொண்டு விவசாயக் காட்டைச் சுற்றி நடந்தால் பரப்பளவு காட்டுமாமே? எங்களுக்கும் பக்கத்துக் காட்டுக்காரருக்கும் வரப்புத் தகராறு. சர்வேயர் வருவதற்குள் நாமே அளந்து பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்கிறேன். தம்பி சொன்ன 22எக்ஸ் அதுக்கு ஆகுமா?

சர்வே சங்கிலி:
அக்கா, வேண்டாம். திறந்த வெளியில் நல்ல கருவியே 3 மீட்டர், 5 மீட்டர் தள்ளிக் காட்டும். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு ஏக்கர் சதுரமாக இருந்தால் பக்கத்துக்கு 63.6 மீட்டர். ஒரே ஒரு பக்கம் 3 மீட்டர் தள்ளிப் போனால் 191 சதுர மீட்டர், அதாவது கிட்டத்தட்ட நாலே முக்கால் சென்ட். உங்கள் தகராறே அவ்வளவு இருக்காது. எவ்வளவு மஞ்சள் விளையும் என்று தோராயமாகப் பார்க்க வேண்டுமானால் சரி. எல்லைக்கல் எங்கே இருந்தது என்று அடித்துப் பேச முடியாது. நில எல்லையை அளக்கச் சொல்லும் எஃப்-லைன் மனு போடுங்க, புல வரைபடத்தை வைத்து அளப்பார்கள். சென்டிமீட்டர் கணக்கில் சொல்ல, தரையில் ஒரு நிலையத்தை வைத்துப் பிழையைத் திருத்துகிற சர்வே டிஜிபிஎஸ் வேண்டும், அது வேற வகை, விலையும் வேற.

கோபி மஞ்சள்காட்டுக்காரி:
மனு போட்டு மாசக்கணக்கா காத்துக்கிட்டுத்தானுங்க இருக்கேன்.

கொல்லிமலைக் கால்நடை:
இன்ரீச் பற்றிச் சொல்லாமல் விட்டால் தப்பு. பனியன் தம்பி, மச்சானுக்கு இன்றைக்கே போன் போட்டு வேண்டாம் என்று சொல்லுங்க. வெறும் ஜிபிஎஸ் ரிசீவர் கேட்கிற கருவி, அதில் தொல்லையில்லை. இன்ரீச் சாட்டிலைட்டுக்குத் திருப்பிப் பேசுகிற கருவி. தொலைத்தொடர்புத் துறை அனுமதி இல்லாமல் இந்தியாவுக்குள் கொண்டு வரவோ வைத்திருக்கவோ கூடாது. அதைப் பையில் வைத்திருந்த வெளிநாட்டுப் பயணிகளையே ஏர்போர்ட்டில் பிடித்து வைத்திருக்கிறார்கள். கேட்டால் 22எக்ஸோ 32எக்ஸோ கேளுங்க. 32எக்ஸில் காற்றழுத்தம் பார்த்து உயரம் சொல்லும் கருவியும் நல்ல காம்பஸும் கூடுதல். நின்ற இடத்திலேயே திசை காட்டும்.

திம்பம் டிரைவர்:
ஒன்று கேட்கிறேன். ஆனைமலையிலும் சத்தியிலும் புலிக் காப்பகத்துக்குள் அனுமதி இல்லாமல் நடக்க முடியாது. அனுமதி வாங்கிப் போனால் வனத்துறை ஆள் கூட வருவார், அங்கேயே பிறந்து வளர்ந்தவராக இருப்பார். அவர் பின்னாடி நடக்க உங்களுக்கு 32எக்ஸ் எதுக்கு?

கொல்லிமலைக் கால்நடை:
கூட்டத்திலிருந்து பிரிந்துவிட்டால் தெரியும் எதுக்கு என்று.

திம்பம் டிரைவர்:
பிரியாமல் நடங்க.

திருப்பூர் பனியன்:
இரண்டு பேரும் அடித்துக்கொள்ளாதீர்கள், அண்ணா. பழைய நேவிகேட்டரை மாலையில் போய்ப் பார்த்தேன், தேதி 2006 என்று காட்டுகிறது. கடைக்காரர் "நேரம் செட் பண்ணவில்லை" என்கிறார். கும்பிடு போட்டுவிட்டு வந்தேன். மச்சானிடம் இன்ரீச் வேண்டாம் என்று சொல்லியாச்சு. காருக்குப் போன்தான், மைசூர் வரை மேப் இறக்கிவிட்டேன், ஏசி துவாரத்தில் மாட்டுகிற ஸ்டாண்டும் வாங்கிவிட்டேன். 22எக்ஸுக்கு மச்சானிடம் சொல்லி வைத்திருக்கிறேன். ஓஎஸ்எம்ஆண்டையும் போட்டு, அடுத்த முறை கொல்லிமலையில் இரண்டையும் ஒன்றாகப் பதிந்து பார்க்கிறேன்.

திம்பம் டிரைவர்:
பார்த்துட்டுத் தடம் இரண்டையும் இங்கேயே போடுங்க. ஒளிக்காமல் போடணும்.

கோபி மஞ்சள்காட்டுக்காரி:
பனியன் தம்பி, கருவி வந்ததும் ஒரு நாள் கோபிப் பக்கம் எடுத்துக்கிட்டு வாங்க. சும்மா ஒரு சுத்து நடந்து பார்த்துடலாம். சர்வேத் தம்பிக்குச் சொல்ல வேண்டாம்.