எடைக்கருவி காட்டியது கொழுப்பையா, நீரையா?

காலைநடை

நான்கு நாளில் நான்கு கிலோ குறைந்துவிட்டது என்று மருத்துவமனைக் கட்டிலில் உட்கார்ந்து பெருமையடித்துக்கொண்டிருந்தேன். இதய மருத்துவர் சிரித்துவிட்டு, "அதெல்லாம் சிறுநீராகப் போனது. கொழுப்பு அப்படியேதான் இருக்கிறது" என்றார்.

மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்று போன எனக்கு, எக்கோ என்னும் இதய ஸ்கேனில் பம்பிங், அதாவது ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் வெளியே தள்ளும் ரத்தத்தின் பங்கு, 35 சதவீதம் என்று வந்திருந்தது. 55க்கு மேல் இருக்க வேண்டியது. சேர்க்கும்போது என் எடை 104 கிலோ. நீர் மாத்திரை, உப்புக் குறைப்பு எல்லாம் சேர்ந்து 100க்கு இறக்கின. வீட்டுக்கு அனுப்பும்போது இரண்டு வேலை கொடுத்தார்கள்: உடல் எடையைக் குறைக்க வேண்டும், தினமும் காலையில் எடை பார்த்து எழுதிவைக்க வேண்டும். இரண்டும் ஒன்றுதான் என்று நானாக முடிவு செய்துகொண்டேன்.

மூன்று மாதத்தில் 95க்கு வந்தேன். பிறகு ஒரு வாரம் எண் ஏறத் தொடங்கியது. மூன்று நாளில் 97.3. வாயைக் கட்டவில்லை, அதற்கான தண்டனை என்று நினைத்தேன். சாப்பாட்டைப் பாதியாக்கினேன், நடையைக் கூட்டினேன். எண் இறங்கவில்லை. இரவில் படுத்தால் இருமல் வந்தது. ஒரு தலையணை இரண்டாயிற்று, இரண்டு மூன்றாயிற்று. ஐந்தாம் நாள் காலையில் என் மனைவிதான், "காலுறை பதிந்த தடம் இன்னும் மறையவில்லையே, பாருங்கள்" என்றார். முழங்காலுக்குக் கீழே கட்டைவிரலால் அழுத்தினேன். விரலை எடுத்த பிறகும் குழி அப்படியே நின்றது.

தொலைபேசியில் செவிலியர் கேட்ட முதல் கேள்வி, "எத்தனை நாளாக?" ஐந்து நாள் என்றேன். மறுமுனையில் சற்று நேரம் பேச்சில்லை. ஒரே நாளில் ஒரு கிலோவுக்கு மேலோ, ஒரு வாரத்தில் இரண்டு கிலோவுக்கு மேலோ ஏறினால் உடனே அழைக்க வேண்டும் என்று வீட்டுக்கு அனுப்பும்போது கொடுத்த தாளிலேயே இருந்தது. அந்தத் தாளைப் பத்திரமாகக் கோப்பில் வைத்திருந்தேன். பத்திரமாக வைத்ததோடு சரி.

பிறகு கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு கிலோ கொழுப்பு என்பது ஏறத்தாழ 7,700 கலோரி. மூன்று நாளில் 2.3 கிலோ கொழுப்புச் சேர வேண்டுமானால், தேவைக்கு மேல் பதினேழாயிரத்துச் சொச்சம் கலோரி உள்ளே போயிருக்க வேண்டும். அவ்வளவு தின்ன என்னால் முடியாது. தண்ணீருக்கோ ஒரு லிட்டர் என்றால் ஒரு கிலோ. இதயம் சரியாக இறைக்காவிட்டால் அது உடம்பில் தேங்கக் கணக்கு வழக்கு எதுவும் வேண்டாம்.

இப்போது நோட்டில் இரண்டு பத்திகள். ஒன்றில் அன்றைய எடை. எழுந்து, சிறுநீர் கழித்து, எதுவும் அருந்துவதற்கு முன் பார்ப்பது. இன்னொன்றில் கடந்த ஏழு நாள் சராசரி. முதல் பத்தி இதயத்துக்கு, இரண்டாவது இடுப்புக்கு. இதற்குள்ளும் ஒரு பொறி இருப்பதைச் செவிலியர்தான் சொன்னார். கொழுப்பு ஒரு கிலோ குறைந்து, அதே நேரத்தில் நீர் ஒரு கிலோ கூடினால் எண் அசையாது; நாமும் நிம்மதியாக இருந்துவிடுவோம். அதனால் நீர்த் தேக்கம் இல்லாதபோது இருக்க வேண்டிய எடையை, 'உலர் எடை' என்கிறார்கள், ஒவ்வொரு முறை போகும்போதும் புதிதாகக் குறித்துத் தருகிறார்கள். எடையோடு கால் வீக்கத்தையும் தலையணைகளின் எண்ணிக்கையையும் பார்த்துக்கொள்கிறேன்.

தாளம்தப்பியவள்

காலைநடை நண்பரே, அந்த இரண்டு பத்திகளை நானும் எடுத்துக்கொள்கிறேன். என்னுடையது வேறு கோளாறு: ஏட்ரியல் ஃபைப்ரிலேஷன். இதயத்தின் மேலறைகள் ஒழுங்காகச் சுருங்காமல் நடுங்கிக்கொண்டிருக்கும்; நாடி தாறுமாறாக ஓடும்.

எடையைக் குறைத்தால் இது அடங்கும் என்று மருத்துவர் சொன்னபோது பேச்சுக்குச் சொல்கிறார் என்றுதான் நினைத்தேன். ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் 355 பேரைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்து 2015இல் வெளியிட்ட ஆய்வைப் பற்றி அவரே விளக்கினார். எடையில் 10 சதவீதத்துக்கு மேல் குறைத்து அதைத் தக்கவைத்தவர்களுக்கு, தாளக்கோளாறு இல்லாமல் இருக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஆறு மடங்கு. ஆனால் எடை 5 சதவீதத்துக்கு மேல் ஏறி இறங்கிக்கொண்டிருந்தவர்களுக்கு அந்தப் பலனில் ஒரு பகுதி போய்விட்டது. நான் இந்த இரண்டாவது வகை. பட்டினி கிடந்து 82இலிருந்து 71, அங்கிருந்து மறுபடி 80. இரண்டாம் முறை ஒன்றரை ஆண்டு எடுத்துக்கொண்டு 73க்கு வந்திருக்கிறேன். மாதம் ஒருமுறை வந்த படபடப்பு இந்த ஆண்டில் இரண்டே முறைதான் வந்தது.

என் அசட்டுத்தனத்தையும் சொல்லிவிடுகிறேன். ஸ்மார்ட் கடிகாரத்தில் 30 விநாடி இ.சி.ஜி. எடுக்கலாம் என்று தெரிந்ததும் ஒரு நாளைக்கு இருபது முறை எடுத்தேன். எடுக்கும் பதற்றத்திலேயே நாடி ஏறும். ஏறியதைப் பார்த்து மறுபடி எடுப்பேன். உடம்பில் வித்தியாசம் தெரிந்தால் மட்டும் எடு என்று மருத்துவர் கட்டுப்பாடு போட்டார். இன்னொன்று, எடை குறைந்ததே, இனி ரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரை எதற்கு என்று கேட்டேன். பக்கவாத ஆபத்தை வயது, ரத்த அழுத்தம், சர்க்கரை, முன்பு வந்த பக்கவாதம் போன்றவற்றை வைத்துத்தான் மதிப்பிடுகிறார்களாம். எடை அந்தப் பட்டியலிலேயே இல்லை. மாத்திரை தொடர்கிறது.

மெதுவோட்டம்

சுருக்கமாக என் பங்கு. பீட்டா பிளாக்கர் சாப்பிடுபவர்கள் உடற்பயிற்சிக் கருவி சொல்லும் நாடித்துடிப்பு இலக்கை நம்ப வேண்டாம். அந்த மாத்திரையின் வேலையே துடிப்பை ஏறவிடாமல் பிடித்துவைப்பது. இது புரியாமல் 130ஐத் தொட வேண்டும் என்று விரட்டிக்கொண்டு ஓடி, கண் இருண்டு சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கருவி அப்போதும் 104 என்றே காட்டியது. இப்போது பேச்சுதான் அளவுகோல். நடக்கும்போது முழு வாக்கியம் பேச முடிகிறது, பாட முடியவில்லை என்றால் வேகம் சரி.

காலைநடை

பாடிப் பார்க்கச் சொல்கிறீர்களே, என் குரலுக்கு அக்கம்பக்கத்தார் என்ன பாவம் செய்தார்கள்! பேசிப் பார்க்கிறேன்.

ஒன்றை விட்டுவிட்டேன். 90 கிலோவுக்குக் கீழே வந்த பிறகு எழுந்து நின்றால் தலை சுற்றியது. இதயம் மறுபடி மோசமாகிறதோ என்று பயந்தேன். அளந்தால் ரத்த அழுத்தம் 92/58. 104 கிலோவாக இருந்தபோது எழுதிய மாத்திரை அளவே தொடர்ந்திருந்தது. மருத்துவர் நீர் மாத்திரையைப் பாதியாக்கினார். நானாகக் குறைக்காமல் அவரிடம் கேட்டேன் என்பதில் எனக்குச் சிறிய பெருமை உண்டு. ஐந்து நாள் வாய்மூடி இருந்தவன் இல்லையா. அடுத்த எக்கோ வரும் மாதம். இன்று காலை எடை 88.6, சராசரி 88.9, தலையணை ஒன்று.