எச்.ஜி.எஃப் கொடுத்த இரண்டு மணி நேரத்தில் மெட் ஏற்பியே குறைந்துபோகிறது, ஏன்?

கேள்வி: முதுநிலை உயிர்வேதியியல் மாணவி, கோபிசெட்டிபாளையம்

அனைவருக்கும் வணக்கம். கோவையில் முதுநிலை இறுதியாண்டுத் திட்டப்பணிக்காக, ஏ549 நுரையீரல் புற்றுச் செல்களில் எச்.ஜி.எஃப் எனப்படும் கல்லீரல் செல் வளர்ச்சிக் காரணி, செல் சவ்விலுள்ள மெட் என்ற ஏற்பிப் புரதத்தின் வழியே அனுப்பும் சமிக்ஞையை ஆராய்ந்து வருகிறேன். ஓர் இரவு முழுவதும் செல்களைச் சீரம் இல்லாத ஊடகத்தில் வைத்திருந்து, மறுநாள் காலை மில்லிலிட்டருக்கு 50 நானோகிராம் வீதம் எச்.ஜி.எஃப் சேர்த்து, 0, 10, 30, 120 நிமிடங்களில் செல்களை உடைத்து வெஸ்டர்ன் பிளாட் (புரதங்களைப் பிரித்துப் பட்டைகளாகக் காட்டும் சோதனை) செய்தேன். 10ஆவது நிமிடத்தில் பாஸ்பேட் ஏறிய மெட் பட்டை கறுத்துத் தடித்துத் தெரிந்தது. 120ஆவது நிமிடத்தில் அது மங்கியதை நான் எதிர்பார்த்தேன். ஆனால் மொத்த மெட்டைக் காட்டும் 145 கிலோடால்டன் பட்டையும் அதே தடத்தில் ஏறத்தாழப் பாதியாகியிருந்தது. ஏற்றிய அளவைச் சரிபார்க்க உதவும் பீட்டா ஆக்டின் புரதம் நான்கு தடங்களிலும் சமமாகவே இருக்கிறது. மூன்று முறை செய்தும் இதே முடிவுதான். மாதிரி ஏற்றியதில் பிழை என்று உடன் படிப்பவர்கள் சொல்வதால், வழிகாட்டியிடம் காட்டத் தயக்கமாக இருக்கிறது. இது என் கைப்பிழையா, அல்லது செல் தன் ஏற்பியை உண்மையிலேயே இழக்கிறதா?

பதில் 1: ஓய்வுபெற்ற பேராசிரியர், கோவை

அம்மிணி, மூன்று முறையும் ஆக்டின் சமமாக இருந்து மெட் மட்டும் குறைந்திருக்கிறது என்றால் அதைப் பிழை என்று ஒதுக்க முடியாது. தயங்காமல் வழிகாட்டியிடம் காட்டுங்கள்.

நம் பாடநூல்கள் சமிக்ஞை தொடங்குவதைப் பக்கம் பக்கமாக விளக்கிவிட்டு, அது அடங்குவதை ஒரே வரியில் கடந்துவிடுகின்றன. உங்கள் குழப்பம் அங்கிருந்துதான் வருகிறது. எச்.ஜி.எஃப் 728 அமினோ அமிலங்கள் கொண்ட ஒற்றைச் சங்கிலியாக உருவாகி, செல்லுக்கு வெளியே புரதம் வெட்டும் நொதியால் இரண்டாகப் பிளக்கப்பட்ட பிறகே வேலைக்குத் தகுதி பெறுகிறது. அது வந்து ஒட்டியதும் இரண்டு மெட் ஏற்பிகள் இணைந்து, கைனேஸ் (பாஸ்பேட் ஏற்றும் நொதி) பகுதியிலுள்ள 1234, 1235ஆம் டைரோசின் அமினோ அமிலங்களில் ஒன்றுக்கொன்று பாஸ்பேட் ஏற்றிக்கொள்கின்றன. அதன்பின் வால் பகுதியின் 1349, 1356ஆம் டைரோசின்களிலும் பாஸ்பேட் ஏற, அங்கே ஜி.ஆர்.பி2, கேப்1 போன்ற புரதங்கள் வந்து அமர்ந்து, ராஸ், பி.ஐ.3 கைனேஸ் என்ற சமிக்ஞை வழித்தடங்களை இயக்குகின்றன. இவ்வளவும் உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

நீங்கள் கவனிக்க வேண்டியது 1003ஆம் டைரோசினை. செல் சவ்வை ஒட்டி உட்புறமாக இருக்கும் இதில் பாஸ்பேட் ஏறியதும் சி.பி.எல் என்ற நொதி வந்து பற்றி, ஏற்பியின் மேல் யுபிக்விட்டின் என்ற சிறுபுரத அடையாளங்களை ஒட்டுகிறது. அடையாளம் பெற்ற ஏற்பி எண்டோசோம் என்ற உட்பைக்குள் இழுக்கப்பட்டு, செல்லின் செரிமானப் பையான லைசோசோமில் சிதைகிறது. ஏற்பியை இயக்கும் அதே பாஸ்பேட்தான் அதன் முடிவையும் தொடங்கிவைக்கிறது என்பதை நினைக்கும்போது எனக்கு இன்றும் வியப்பாக இருக்கிறது. தடப்பள்ளி வாய்க்கால் தண்ணீரை மஞ்சள் வயலுக்குத் திருப்பிவிட்டு மடையை அடைக்காமல் வந்தால் கிழங்கு அழுகுவதைக் கோபியில் பார்த்திருப்பீர்கள். உங்கள் 120ஆவது நிமிடத் தடத்தில் தெரிவது மடை அடைபடும் காட்சி.

பதில் 2: ஆய்வு மாணவர், பெருந்துறை

ஐயா சொன்னதைச் சோதனையிலேயே உறுதிசெய்துவிடலாம். புதிய மெட் உருவாவதை சைக்ளோஹெக்சிமைடால் நிறுத்திவிட்டு எச்.ஜி.எஃப் கொடுத்தால், சிதைவு மட்டும் தனியாகத் தெரியும். கூடவே ஒரு தட்டில் பாஃபிலோமைசின் அல்லது குளோரோகுயின் சேர்த்து லைசோசோமைத் தடுங்கள்; பட்டை குறையாமல் நின்றால் உங்கள் வாதம் வலுப்பெறும். புரோட்டியசோம் என்ற மற்றொரு புரதச் சிதைப்பு அமைப்பைத் தடுக்கும் எம்ஜி132 கொடுத்தாலும் மெட் தேங்கக்கூடும், ஆனால் அதை மட்டும் வைத்துப் புரோட்டியசோமில்தான் சிதைகிறது என்று எழுதிவிட வேண்டாம், ஏனெனில் அது செல்லில் தனியாக உலவும் யுபிக்விட்டினையும் குறைத்துவிடுகிறது. 170 கிலோடால்டனில் தெரியும் பட்டை இன்னும் வெட்டப்படாத முன்னோடி. அதை அளவீட்டில் சேர்க்காதீர்கள்.

ஒரு சிறு குறிப்பு: பாஸ்பேட் எதிர்பொருளுக்கு முன் சவ்வைப் பால்பவுடரில் ஊறவைத்தீர்களா? பாலிலுள்ள கேசீனே பாஸ்பேட் ஏறிய புரதம் என்பதால் பின்னணி கறுத்துவிடும். நான் முதலாண்டில் இரண்டு வாரங்களை அதில் இழந்தேன். பி.எஸ்.ஏ (மாட்டுச் சீரம் ஆல்புமின்) பயன்படுத்துங்கள்.

பதில் 3: புற்றுநோய் மருத்துவர், கோவை

இந்த 1003ஆம் டைரோசின் எங்கள் நோயாளிகளின் சிகிச்சையையே மாற்றியிருக்கிறது. அது மெட் மரபணுவின் 14ஆவது எக்ஸானில் (புரதத்துக்கான குறியீடு கொண்ட மரபணுத் துண்டு) இருக்கிறது. நுரையீரலின் சிறுசெல் அல்லாத புற்றில் 100 பேரில் ஏறத்தாழ 3 பேருக்கு, ஆர்.என்.ஏ. ஒட்டும்போது இந்த எக்ஸான் விடுபட்டுப்போகிறது. ஏற்பி மற்ற எல்லாப் பகுதிகளோடும் உருவாகிறது, சி.பி.எல் பற்றும் இடம் மட்டும் இல்லை. அதனால் அது சிதையாமல் சவ்விலேயே தங்கிச் சமிக்ஞையை நீட்டிக்கிறது. எழுபதை ஒட்டிய வயதினரிடம் இதை அதிகம் காண்கிறோம். மெட் கைனேஸைத் தடுக்கும் கேப்மாட்டினிப் மாத்திரைக்கு அமெரிக்காவில் 2020 மே மாதத்தில் ஒப்புதல் கிடைத்தது. திசுவின் டி.என்.ஏ.வை மட்டும் பார்த்தால் சில நோயாளிகளில் இந்த மாற்றம் தப்பிவிடும் என்பதால், ஆர்.என்.ஏ. பரிசோதனையையும் கேட்டு வாங்குகிறோம்.

உங்கள் ஆய்வுக்கு ஒரு யோசனை: எச்596 என்ற செல் வரிசையில் 14ஆவது எக்ஸான் விடுபட்ட மெட் இருக்கிறது. ஏ549-க்குப் பக்கத்தில் அதையும் வைத்து அதே நேரங்களில் பார்த்தால், அதன் 120ஆவது நிமிடப் பட்டை உங்களுக்கு விடை சொல்லும்.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. நான் பால்பவுடரைத்தான் பயன்படுத்தினேன், மாற்றிவிடுகிறேன். குளோரோகுயின் எங்கள் ஆய்வகத்திலேயே இருப்பதால் திங்கட்கிழமை அதில் தொடங்குகிறேன். மூன்று பிளாட் படங்களையும் நாளை வழிகாட்டியிடம் காட்டி, எச்596 செல்களை வரவழைக்க முடியுமா என்று கேட்கிறேன்.